கிணறு தூர் வாரும்போது விஷவாயு: இன்ஜினை எங்கே வைப்பது, மெழுகுவர்த்தியை நம்பலாமா, ஆள் மயங்கினால் என்ன செய்வது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் உங்கள் கிணறு அறுபது அடி, நாலைந்து வருடமாகத் தூர் எடுக்கவில்லை, சித்திரையில் ஆள் விட்டு வாரப் போகிறீர்கள். அடியில் நிற்கிற தண்ணீரை இறைக்க பெட்ரோல் இன்ஜினை உள்ளே திட்டில் இறக்கி வைத்து ஓட்டிவிட்டு அப்புறம் ஆள் இறங்கலாம் என்கிறார் மேஸ்திரி. விஷவாயு இருக்குமா, மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்தால் போதுமா, யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது, கூலிக்கு வந்தவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரமான பதில்: இன்ஜினை உள்ளே இறக்க விடாதீர்கள். மேஸ்திரி எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி, இதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மீதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கிணற்று மீட்புக்குப் போய் நின்றிருக்கிறேன், மேலே நின்று அழுகிறவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இன்ஜினை ஏன் உள்ளே இறக்குகிறார்கள் என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மேலே வைத்த பம்பு தண்ணீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தால்தான். ஏட்டுக் கணக்கில் 34 அடி வரை ஏறும், ஆனால் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு, குழாய் உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 20, 25 அடிக்கு மேல் இழுக்காது. ஓசூர், தளி மாதிரி மேட்டுப் பகுதிகளில் காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு, அங்கே இன்னும் கஷ்டம். நம் ஊர்க் கிணறுகளோ பாறையை உடைத்துக்கொண்டு போனவை, கோடையில் தண்ணீர் ஐம்பது அறுபது அடிக்குக் கீழே கிடக்கும். அதனால் தண்ணீர் இறங்க இறங்க இன்ஜினும் பின்னாலேயே இறங்குகிறது. முதலில் மேல் திட்டு, அப்புறம் நடுத் திட்டு, கடைசியில் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஒரு பாறைப் பொந்தில். அந்தத் திட்டுக்கு மேலே பாறை கரி பிடித்துக் கறுத்திருப்பதைப் பழைய கிணறுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நூற்றுக்கு இத்தனை பங்கு என்று சதவீதத்தில் சொல்கிற அளவுக்கு இருக்கும். அது எவ்வளவு பெரிய அளவு என்பதற்கு ஒரு கணக்கு: காற்றில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு, அதாவது 0.16 சதவீதம் இருந்தாலே இருபது நிமிடத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் வரும், இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடும். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்கள்தான். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை வாடை வருகிறதே என்றால் அது புகையில் இருக்கிற மற்றவற்றின் வாடை, அது அடங்கிய பிறகும் இது உள்ளேயே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, அதனால் ஆள் மூச்சு நன்றாகத்தான் விட்டுக்கொண்டிருப்பார், உடம்புக்குள் மட்டும் ஒன்றும் போய்ச் சேராது.

இன்ஜினை அணைத்துவிட்டுத்தானே இறங்குகிறோம் என்பார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது, தானாக மேலே ஏறியும் ஓடாது, அடியில் படிந்தும் போகாது. கிணற்றுக்குள் காற்று அசையாமல் நின்றால் அதுவும் அப்படியே நிற்கும். நேற்று சாயங்காலம் ஓட்டி நிறுத்திய இன்ஜினின் வாயு இன்று காலையில் இறங்குகிறவரைப் பிடிக்கலாம். டீசல் இன்ஜினில் இந்த வாயு குறைவு என்பது உண்மை, ஆனால் அதுவும் கிணற்றுக்குள் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுதான் ஓடுகிறது, அதன் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு, அதனால் டீசல் என்றாலும் என் பதில் மாறாது.

சம்பவம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். உள்ளே இருக்கிறவர் இன்ஜின் நின்றுவிட்டது, பார்க்கிறேன் என்பார். கொஞ்ச நேரத்தில் தலை ஒரு மாதிரி இருக்கிறது என்பார், மேலே இருக்கிறவர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், தண்ணி குடி என்பார். அப்புறம் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு நொடி தாமதமாக வரும், கை ஏணிக் கம்பியைப் பிடிக்கப் போய்ப் பக்கத்தில் காற்றைப் பிடிக்கும், கால் வலுவில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் பேசமாட்டார். அந்தத் தாமதமான பதில்தான் மேலே இருப்பவருக்குக் கிடைக்கிற கடைசி எச்சரிக்கை, அதைக் கேட்டதும் காரணம் விசாரிக்காமல் தூக்கிவிட வேண்டும்.

சரி, இன்ஜினே இறக்கவில்லை, அப்போதும் கிணற்றுக்குள் ஆபத்து உண்டா? உண்டு. அதற்குப் பூச்சிமருந்து எதுவும் கிணற்றில் விழுந்திருக்க வேண்டியதில்லை. மூடிக் கிடக்கிற கிணற்றில் இலை தழை அழுகும், பாறையிலும் மண்ணிலும் இருக்கிற சில தாதுக்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், வேரும் நுண்ணுயிரும் கார்பன் டை ஆக்சைடை விடும், அது காற்றை விடக் கனமானது, அடியில் தங்கும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் உள்ளே 10 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் ஆள் மயங்குவார், 6 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று மூச்சுக்குள் சுருண்டு விழுவார். மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராமல் விழுவது உண்டு.

இதில் பலரும் யோசிக்காத ஒரு விஷயம் பருவம். குளிர்ந்த காற்று கனம், சூடான காற்று லேசு. மார்கழி ராத்திரியில் வெளிக்காற்று கிணற்றுக் காற்றை விடக் குளிர்ந்திருக்கும், அது கனத்தோடு உள்ளே இறங்கி அடியில் கிடப்பதை மேலே தள்ளும், கிணறு தானாகவே மூச்சு விட்டுக்கொள்ளும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தலைகீழ்: வெளியே அனல், உள்ளே குளிர்ச்சி, உள்ளே இருக்கிற காற்று கனமாக அப்படியே தேங்கி நிற்கும், வெளிக்காற்று அதன் மேலே மிதந்துவிட்டுப் போகும். நாம் தூர் வாருவது தண்ணீர் வற்றுகிற அந்தக் கோடையில்தான். கிணறு மூச்சு விடாத மாதத்தில்தான் நாம் ஆளை இறக்குகிறோம். விடியற்காலையில் வேலை தொடங்கினால் மத்தியானத்தை விடக் கொஞ்சம் நல்லது. அதுவே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

மெழுகுவர்த்திக்கு வருகிறேன். ராந்தலோ மெழுகுவர்த்தியோ ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்குக் கீழே போனால் அணையும். அணைந்தால் நிச்சயமாக இறங்கக்கூடாது, அந்த அளவுக்கு அது பயன்படும். அணையாமல் எரிந்தால் அது உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கொல்கிற அளவு கார்பன் மோனாக்சைடிலும், சேற்றிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவிலும் மெழுகுவர்த்தி பளிச்சென்று எரியும். பக்கத்தில் சாணக் குழியோ கழிவுத் தொட்டியோ இருந்து மீத்தேன் கசிந்திருந்தால் இன்னொரு ஆபத்தும் சேரும், அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருக்கும்போது நெருப்புப் பட்டால் வெடிக்கும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி நாலைந்து முறை ஏற்றி இறக்குவதும், குடம் குடமாகத் தண்ணீரை வீசி ஊற்றுவதும் நம் பெரியவர்கள் செய்தது. காற்றைக் கொஞ்சம் கலக்கும், செய்வதில் தப்பில்லை. ஆனால் கலக்கியதாலேயே சுத்தமாகிவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உறுதி சொல்வது மீட்டர்தான். நாலு வாயு மீட்டர் என்று கேட்டால் ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும், கைக்கு அடக்கமான கருவி, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரியக்கூடிய வாயு நான்கையும் அளக்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும், மோனாக்சைடு பத்து லட்சத்துக்கு 35 பங்கைத் தாண்டினாலும், சல்ஃபைடு 10 பங்கைத் தாண்டினாலும் கத்தும்படி பொதுவாக வைத்திருப்பார்கள். ஒரு விவசாயி தனியாக வாங்குவது கஷ்டம்தான். ஆனால் கிணறு வெட்டும் குழுக்களும், கிரேன் வைத்துத் தூர் வாரித் தருகிறவர்களும் வருடம் முழுக்க இதே தொழிலில் இருக்கிறார்கள், கிரேனுக்கு அவ்வளவு முதல் போடுகிறவர்கள் இதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பார்க்கிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்துவிட்டு, இறங்குகிறவர் சட்டையிலும் அதை மாட்டிவிட வேண்டும். ஏன் சட்டையிலும் என்றால், முதலில் அளந்தபோது நன்றாக இருந்த காற்று வேலை நடக்கும்போது கெடும்.

அது எப்படிக் கெடும் என்பது தூர் வாருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடியில் வருடக்கணக்காகக் காற்றுப் படாமல் கிடக்கிற கறுப்புச் சேற்றுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு அடைபட்டிருக்கும். மண்வெட்டி போட்டு அந்தச் சேற்றைப் பிளக்கும்போதுதான் அது வெளியே வருகிறது. அழுகின முட்டை நாற்றம். நாற்றம் அடிக்கிற வரைக்கும் ஒரு எச்சரிக்கையாவது இருக்கிறது. பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் அது மூக்கின் மோப்ப நரம்பையே மரக்க வைத்துவிடும், நாற்றம் சட்டென்று நின்றுபோகும். உள்ளே இருப்பவர், நாத்தம் போயிருச்சு, காத்து சரியாயிருச்சு என்று மேலே குரல் கொடுப்பார். அந்த வார்த்தையைக் கேட்டால் உடனே தூக்குங்கள். 500, 700 பங்குக்குப் போனால் நிமிடங்களில் விழுவார், 1,000 என்றால் ஒரு மூச்சு இரண்டு மூச்சு. மாட்டுக்கொட்டாய்க் கழிவு கிணற்றுப் பக்கம் கசிகிறதா, கோழி எச்சம், செத்த ஆடு, இலைக் குப்பை போடுகிற பழக்கம் இருந்ததா என்று உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், இருந்திருந்தால் சேற்றைக் கிளறுகிற நேரம்தான் மிகவும் மோசமான நேரம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தண்ணீரை இறைக்க மின்சார சப்மெர்சிபிள் பம்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், சேறு கலந்த தண்ணீருக்கு என்றே பம்பு வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் புகை இல்லை, உறிஞ்சும் ஆழப் பிரச்சினையும் இல்லை, தண்ணீருக்குள் இருந்து மேலே தள்ளுகிறது. ஆள் இறங்கும் முன் பம்பின் மின் இணைப்பை எடுத்துவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாயுவுக்குத் தப்பியவர் ஷாக்கில் போகக்கூடாது. மின்சாரம் இல்லாத தோட்டம் என்றால் ஜெனரேட்டரைக் கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று கிணற்றிலிருந்து ஜெனரேட்டர் பக்கம் போகிற திசையில் வையுங்கள். கிணற்று மேட்டிலேயே வைத்துப் புகை உள்ளே இறங்கிய கதையும் உண்டு.

அப்புறம் காற்று. மின்சார ஊதி ஒன்றை மேலே வைத்து, அகலமான பிளாஸ்டிக் குழாயோ தார்ப்பாயைத் தைத்த குழாயோ அதில் கட்டி, குழாயின் வாய் அடியிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் இருக்கும்படி தொங்கவிட வேண்டும். மேலே இருந்து சும்மா உள்ளே ஊதினால் மேல் பத்தடிக் காற்றுதான் சுற்றும். இருபது அடி அகல வட்டக் கிணறு, அறுபது அடி ஆழம் என்றால் உள்ளே ஏறக்குறைய 19,000 கன அடி காற்று. நிமிடத்துக்கு 1,000 கன அடி தள்ளுகிற ஊதி அதை ஒரு முறை மாற்றவே 19 நிமிடம் ஆகும், ஒரு முறை மாற்றினால் போதாது, மூன்று நான்கு முறையாவது மாற வேண்டும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, மீட்டர் பார்த்து, பிறகு ஆள் இறங்கி, வேலை முடிந்து கடைசி ஆள் மேலே வரும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்கிற பெட்ரோல் பவர் ஸ்பிரேயரை ஊதியாக வைக்கிறார்கள். முன்னால் மருந்து அடித்த டேங்கு, பின்னால் பெட்ரோல் புகை, இரண்டும் உள்ளே போகும், அது வேண்டாம்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். இறங்குகிறவர் உடம்பில் கயிறு, அது மேலே கிரேனிலோ உருளையிலோ கட்டியிருக்க வேண்டும், அவர் மயங்கினால் மேலே இருப்பவர்கள் கீழே இறங்காமலே தூக்கிவிட முடிய வேண்டும். இது தயாராகாமல் முதல் ஆளை இறக்காதீர்கள். இடுப்பில் ஒற்றைச் சுற்றுக் கயிறு போதாது, மயங்கியவர் உடம்பு துவண்டு நழுவிவிடும். கட்டட வேலையில் உயரத்தில் நிற்பவர்கள் போடுகிற தோளும் தொடையும் சேர்ந்த ஹார்னஸ் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. கொக்கி முதுகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் தூக்கும்போது ஆள் நேராக வருவார், பாறையில் இடிக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிணற்றில் சாகிறவர் ஒருவராக இருப்பது குறைவு. முதல் ஆள் விழுந்ததும் தம்பி இறங்குவார், தம்பி விழுந்ததும் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டுவார். யாரும் முட்டாள்கள் இல்லை, கண்ணெதிரே கிடக்கிற அண்ணனை விட்டுவிட்டு நிற்க மனசு வராது, அவ்வளவுதான். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை ஆராய்கிற நியாஷ் என்ற அரசு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், குறுகிய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. 1989இல் அங்கே மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பால் பண்ணையின் சாணக் குழிக்குள் ஏதோ பழுது பார்க்க மகன் இறங்கினார், ஒருவர் பின் ஒருவராக அப்பா, இன்னொரு மகன், பேரன், உறவினர் என்று ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். நிலமும் பேச்சும் வேறாக இருக்கலாம், அங்கே நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்றுதான். ரத்த பாசம் உள்ள ஆளைக் கிணற்று மேட்டில் தனியாகக் காவல் நிறுத்தாதீர்கள் என்றுகூட நான் சொல்வேன். கயிறு பிடிக்கிற இடத்தில் நிதானமான, சொந்தமில்லாத ஒருவர் இருக்கட்டும், யார் விழுந்தாலும் யாரும் இறங்குவதில்லை என்று வேலை தொடங்கும் முன் எல்லார் முன்னாலும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதில் அர்த்தமே இல்லை. துணியும் சாதாரண முகக்கவசமும் தூசியைத்தான் தடுக்கும், வாயு அதில் ஊடுருவிப் போகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எந்த வடிகட்டியும் ஆக்சிஜனை உண்டாக்காது. முதுகில் காற்று உருளை மாட்டிய மூச்சுக் கருவியோடுதான் உள்ளே போக முடியும், அது தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. 101 அல்லது 112, கூடவே 108. கூப்பிடும்போது, கிணற்றுக்குள் வாயு, ஆள் மயக்கம் என்ற வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லுங்கள், வெறுமனே ஆள் விழுந்துவிட்டார் என்றால் தவறி விழுந்தவரைத் தூக்குகிற சாமானோடு வந்துவிடுவார்கள். கயிற்றில் தூக்க முடியவில்லை என்றால், அவர்கள் வருகிற வரை ஊதியை அடிவரை ஓடவிடுங்கள், மேலே இருந்தபடியே செய்யக்கூடிய உதவி அதுதான்.

மேலே கொண்டு வந்தவரைத் திறந்த வெளியில் மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் அமிழும்படி அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யலாம். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், சல்ஃபைடும், தானிய மூட்டைக்குப் போடுகிற மாத்திரையிலிருந்து வருகிற பாஸ்பீனும் ஊதுகிறவரையும் பிடிக்கும். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், இன்ஜின் ஓடிய கிணற்றுக்குள் இருந்தார் என்பது. விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே காட்டும், 98 என்று எண் வரும், ஆள் போய்க்கொண்டிருப்பார். அதை நம்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக்கூடாது. சும்மா காற்றில் இந்த வாயு ரத்தத்திலிருந்து பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். அதனால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவதில் நேரம் போக்காமல், ஆக்சிஜன் வசதி உள்ள இடத்துக்கு, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுங்கள். கர்ப்பிணி யாராவது அந்தப் புகையில் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டாயம் காட்ட வேண்டும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து அதிகம். பிழைத்து வந்தவருக்கும் சில நாள், சில வாரம் கழித்து மறதி, தடுமாற்றம், குணமாற்றம் வரலாம், அப்போது பேய் பிடித்தது என்று அலையாமல் மறுபடி டாக்டரிடம் பழைய சீட்டோடு போங்கள்.

கிணற்றை ஆழப்படுத்த வெடி வைக்கிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். வெடித்த புகையில் மோனாக்சைடோடு நைட்ரஜன் டை ஆக்சைடும் இருக்கும், செம்பழுப்பு நிறம். அதைச் சுவாசித்தவருக்கு அப்போது லேசாக இருமல் மட்டும் வரும், வேலையை முடித்துச் சாப்பிட்டுத் தூங்குவார், நடுராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வெடிப்புகை பட்டவரை ஒரு நாளாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

கிணற்றைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனாலும் கோழிக் கொட்டாய் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. ஒப்பந்தக் கோழிப் பண்ணைகள் நம் பக்கம் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. குஞ்சு இறக்கிய முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் சூடு வேண்டும், தேன்கனிக்கோட்டைக் குளிரில் அதற்குத் தகர டின்னிலோ பானையிலோ கரி மூட்டி, நாலு பக்கமும் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிடுவார்கள். குஞ்சு பார்த்துக்கொள்கிற வேலையாள், பாதிப்பேர் பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பிள்ளைகள், கதகதப்பாக இருக்கிறதென்று உள்ளேயே படுத்துக்கொள்வார்கள். கரி நெருப்பு முழுக்க மோனாக்சைடு. காலையில் தலைவலி, வெளியே வந்து ஒரு மணி நேரத்தில் சரியாகிறது, மறுநாள் மறுபடி வருகிறது என்றால் அது குளிர் இல்லை. படுதாவின் மேல் பக்கம் ஒரு முழம் எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஆள் வெளியே வேறு அறையில் படுக்க வேண்டும், கரி மூட்டத்தை வெளியே கனிய வைத்துப் புகை அடங்கிய பிறகு எடுத்து வந்தாலும் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். பசுமைக்குடிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுத் தங்குகிறவர்கள் ராத்திரி கணப்பை உள்ளே எடுத்து வைப்பதும் இதே கதைதான்.

இன்னொன்று மூட்டைக்குள் போடுகிற மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை ஈரக் காற்றுப் பட்டு 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. பயிற்சி பெற்ற, அனுமதி உள்ளவர்கள் மேற்பார்வையில்தான் அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டமே இருக்கிறது, அப்படியும் கடையில் சில்லறையாகக் கொடுக்கிறார்கள். துவரை, ராகி மூட்டை அடுக்கிய அறையில் இதைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் பிள்ளைகளோடு தூங்குவது கூடவே கூடாது, கதவிடுக்கு வழியாக வரும். பழைய காலத்தில் கர்நாடக எல்லைப் பக்கம் ஹகேவு என்கிற நிலக்குழியில் ராகியைச் சேமித்தவர்கள், மூடியைத் திறந்ததும் இறங்கமாட்டார்கள், திறந்து போட்டுக் காத்திருந்துதான் இறங்குவார்கள், ஏனென்றால் தானியமே உள்ளே மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டிருக்கும். மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் அடைத்த சைலேஜ் குழி, சாண எரிவாயுக் கலன், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் கழிவான திப்பித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன ஹார்னஸ், ஊதி, மீட்டர் அப்படியே பொருந்தும்.

கடைசிக் கேள்வி, பொறுப்பு. வேலையின்போது வேலையால் வந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள கொள்கை. மேஸ்திரியிடம் மொத்தமாகப் பேசிவிட்டோம் என்றாலும் இடத்துக்காரர் கை கழுவ முடியாது, அதனால் என் பொறுப்புத்தான் என்று நினைத்தே ஏற்பாடு செய்யுங்கள். இறங்குகிறவர்கள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் அதில் சேரலாம், விபத்து மரணத்துக்கு நிவாரணம் உண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்தால் சொல்வார். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். இதை எல்லாம் சித்திரைக்கு முன்பே செய்ய முடியும். அப்படி ஒரு மோசம் நடந்தே விட்டால், வெளியே தெரிந்தால் கேஸாகிவிடும் என்று பயந்து அன்றைக்கே அடக்கம் செய்ய அவசரப்படுத்துகிறார்கள், முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் அந்தப் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு பைசா வாங்க முடியாது. பரிசோதனை செய்கிற டாக்டரிடம் கிணற்றில் இன்ஜின் ஓடியதைச் சொன்னால்தான் ரத்தத்தில் மோனாக்சைடு பார்க்கச் சொல்லி எழுதுவார்.

பங்குனி முடியும்போதே கிரேன்காரர்களும் சேற்றுப் பம்புகளும் கிடைப்பது கஷ்டமாகிவிடும், இப்போதே பேசி வையுங்கள். மேஸ்திரி இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று நின்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள். அகலம், ஆழம், தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, மின்சாரம் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதினால் எந்த அளவு ஊதியும் குழாயும் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.